ஈரப்பதம்

இடைவேளை விட்டதும் முறுக்கு வாங்க வெளியே வந்தேன்.
தெற்கே மின்னியது.
முறுக்கு வாங்கவில்லை.
பூண்டியிலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.
கொள்முதல் நிலையத்து வாசலில்
ஒன்பது நாளாகக் கிடக்கிறது என் குறுவை,
டோக்கன் நாற்பத்தொன்று.
படுதாவை இழுத்து மூலைக்கு மூலை செங்கல் வைத்து,
ஆளில்லாமல் கிடந்த நாற்பத்திரண்டுக்கும் வைத்து
நிமிர்ந்தபோது
மழை வேதாரண்யம் பக்கமாகப் போய்விட்டது.
படமும் போய்விட்டது, நூற்றிருபது ரூபாயில் பாதி.

கதாநாயகனைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தார்கள்.
தண்ணீர் அவனை மூடியதுவரை எனக்குத் தெரியும்.

மறுநாள் ராத்திரி
குவியலுக்குக் குவியல் காவல் படுத்திருந்தவர்களிடம்
மிச்சத்தைக் கேட்டேன்.

பக்கிரிசாமி சொன்னார்: "செத்துட்டான்.
அப்புறம் வர்றதெல்லாம் தம்பி. ரெட்டை வேஷம்.
மீசையப் பாத்தா தெரியல?"
அவர் ஏசிக்காகப் போனவர்.
பாதி தூங்கினேன் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

ஜெகபர் அலி கைப்பேசியில் பார்த்தவன்.
"சாகலண்ணே. வில்லன் வீட்டுக்குள்ள நுழைஞ்சான்,
சிக்னல் போய் சுத்திக்கிட்டே இருந்துச்சு,
திரும்பி வந்தா வில்லன் போட்டோவுக்கு மாலை.
நடுவுல நல்ல சண்டையாத்தான் இருந்திருக்கும்."

லோடுமேன் உத்திராபதி பீடியை அணைத்துவிட்டுத்
தீர்ப்புச் சொன்னார்:
"அம்மா சாவுற சீன்ல ஈரம் இருபத்திரண்டு.
எந்த ஸ்டேஷன்லயும் எடுக்க மாட்டான்."

அதற்குப்பின் எல்லாப் படத்தையும் அப்படியே அளந்தோம்.
ஆடியில் வந்த பேய்ப்படம் எட்டு,
அரைச்சா குருணைதான்.
"அந்த போலீஸ் படம்?"
"பதரு. தூத்துனா ஒண்ணும் நிக்காது."
"டாக்டர் பொண்ணு படம்?"
கொஞ்சம் யோசித்து, "பதினாறு.
அப்படியே மூட்டை புடிக்கலாம்."

தையல்நாயகி மட்டும் பேசவில்லை.
மூன்று மா குத்தகை, டோக்கன் நாற்பத்திரண்டு.
மகள் இழுத்துப்போன அதே காட்சி.
"நீங்க கடைசிவரைக்கும் இருந்தீங்கல்ல, சொல்லுங்க" என்றேன்.

"இருந்தேன்.
ரெண்டாவது பாட்டுல வயலுக்குள்ள ஓடுறாங்க பாருங்க,
நாப்பது பேரு, செருப்போட.
அது பால் புடிக்கிற பயிரு.
ஒரு மா இருக்கும், சாஞ்சிருச்சு.
யாரு வயலோ.
காசு குடுத்திருப்பாங்களா,
குடுத்தாலும் முழு மகசூலுக்கா,
மிதிச்ச எடத்துக்கு மட்டுமா,
அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன்.
லைட்டைப் போட்டுட்டாங்க."

யாரும் அதற்கு ஈரம் சொல்லவில்லை.
ஜெகபர் அலி அந்தப் பாட்டைத் தேடி ஓடவிட்டான்.
ஐந்து தலைகள் குனிந்தன.
கதாநாயகியை யாரும் பார்க்கவில்லை.
நிறுத்தி, விரலால் பெரிதாக்கி,
"ஆமா, பால்தான்" என்றார் பக்கிரிசாமி.
"ஆத்துத் தண்ணியில்ல, போர்செட்டு. வரப்பப் பாரு."
"எந்த ஊரா இருக்கும்?"
"நம்ம பக்கமில்ல. பின்னால மலை தெரியுது."
கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.
பிறகு அந்த நிம்மதி வெட்கமாக இருந்தது.

காலையில் கருவிக்குள் கைப்பிடி நெல்லைப் போட்ட பையன்
"பத்தொன்பது. இன்னும் ஒரு வெயில் காட்டுங்க" என்றான்.
தலை நிமிராமலே,
"ராத்திரி பேசுனது கேட்டுச்சு.
இடைவேளையோட வந்துட்டீங்களாமே,
குடுத்துவெச்சவரு சார் நீங்க."

தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி
பாதத்தால் சால் பிடித்துக்கொண்டே நடக்கிறேன்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு,
நெல் இரண்டு பக்கமும் ஒதுங்க ஒதுங்க.
வாய் அந்த ரெண்டாவது பாட்டை முணுமுணுக்கிறது.
நல்ல மெட்டு, அதைச் சொல்லியாக வேண்டும்.
செருப்பை வரும்போதே
ஓரமாகக் கழற்றிவிட்டிருந்தேன்.